தொழிற்சொல்லைப் பெயர்ப்பது எங்ஙனம்?

ஒரு மொழியிலுள்ள கதையை மற்றொரு மொழியிற் பெயர்ப்பது கடினம் என்பர். ஆயின், ஒரு பயிர்த்தொழிலின் சொற்களைப் பெயர்ப்பது அதனினும் கடினம். கதையில் ஒரு சொல் பிழைத்தால் சுவை குன்றும். தொழில்நூலில் ஒரு சொல் பிழைத்தால் கன்று பட்டுப்போகும், மரம் காயப்படும். இதனை விளங்கிக்கொள்ளத் தொலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றை முதலிற் பார்ப்போம்.

உருசிய மொழியிலுள்ள திராட்சை வளர்ப்பு நூல்களை ஆங்கிலத்திற் பெயர்ப்போர் 'பாசினக்' என்ற சொல்லைக் காண்பர். அகராதிப்படி அதற்கு 'மாற்றாள் மகன்' என்று பொருள். திராட்சைத் தோட்டத்திற்கும் மாற்றாள் மகனுக்கும் என்ன தொடர்பு? தளிரின் இலைக்கக்கத்திலிருந்து கிளைக்கும் பக்கத்தளிரையே உருசிய உழவர் அவ்வாறு அழைக்கின்றனர். குலைக்குச் செல்லவேண்டிய உணவில் அது பங்கு கேட்கும். ஆதலால் அதைக் கிள்ளிவிடுவர். ஆங்கில உழவரோ 'பக்கத்தில் கிளைப்பது' என்ற பொருளில் வேறு சொல் வழங்குகின்றனர். இளவேனில் தொடக்கத்தில், கவாத்துச் செய்த கொடியின் வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டும். உருசியர் அதனைக் கொடியின் 'அழுகை' என்பர். ஆங்கிலேயர் 'குருதி வடிதல்' என்பர். முதிர்ந்த நீண்ட கிளையை உருசியர் 'சட்டைக்கை' என்பர்; ஆங்கிலேயர் 'கை' என்பர். மாற்றாள் மகன், அழுகை, சட்டைக்கை என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் ஆங்கில உழவன் நூலை மூடிவைத்துவிடுவான். பெயர்ப்பாளர் அகராதியை மூடிவிட்டுத் தோட்டத்திற்குப் போக வேண்டும். அந்த உறுப்பு யாது, அந்த வேலை யாது என்று கண்டு, அதே வேலையைச் செய்யும் மற்ற மொழியாளர் அதை எப்படி அழைக்கின்றனர் என்று கேட்க வேண்டும்.

இஃது எங்கோ நடக்கும் செய்தி என்று நாம் தள்ளிவிடல் ஆகாது. ஜொகூர்த் தோட்டங்களில் ஆங்கிலம், மலாய், தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் ஒரே மரத்தின் அடியில் நூறாண்டுக்கு மேலாகச் சந்தித்து வந்துள்ளன. அங்கே பிறந்த தமிழ்ச் சொற்களை நம் வகுப்பறை எவ்வாறு நடத்தியது என்பதே என் கேள்வி.

முதற் குற்றவாளி நானே. பட்டணத்தில் வளர்ந்து, பயிற்சிக் கல்லூரியை முடித்த கையோடு தோட்டப் பள்ளி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். 'எங்கள் தோட்டம்' என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குக் கட்டுரை கொடுத்தேன். ஒரு பையன், "அம்மா நிரையில் மங்குகளைத் துடைத்து வைப்பார். கோட்டுப்பாலை உருவிக் கூடையில் போடுவார்" என்று எழுதியிருந்தான். 'மங்கு' என்பதைச் சிவப்பு மையால் அடித்துக் 'கிண்ணம்' என்று திருத்தினேன். 'நிரை'யை 'வரிசை' ஆக்கினேன். 'கோட்டுப்பால்' விளங்காமையால் அதன்மேல் ஒரு கேள்விக்குறி இட்டேன்.

மறுநாள் மாலை அப்பையனின் தாய் பள்ளிக்கு வந்தார். "சார், பையன் என்னா தப்பு எழுதிட்டான்? கிண்ணத்துல நாங்க கொழம்பு ஊத்துவோம். மரத்துல கட்டியிருக்கிறது மங்குதானே? வந்து பாருங்களேன்" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே என்னைச் சுட்டது. அவ்வாரமே ஒரு நாள் விடியுமுன் விளக்கேந்தி அவர் பின்னே நிரைக்குச் சென்றேன். பயிற்சிக் கல்லூரியில் மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்டதினும் அன்று காலை கற்றது மிகுதி.

அங்கே கண்டவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன். 'மங்கு' என்பது மலாயின் 'மங்கோக்' என்ற சொல்லின் திரிபு. மலாயில் அது எந்தக் கிண்ணத்தையும் குறிக்கும். தமிழ்த் தொழிலாளர் நாவில் அது மரத்திற் கட்டிய பால் ஏனத்தை மட்டும் குறிக்கும் தொழிற்சொல்லாகச் சுருங்கிக் கூர்மை பெற்றது. பொதுச்சொல்லொன்றைக் கடன் வாங்கிச் சிறப்புச்சொல் ஆக்கிக்கொண்ட இத்திறத்தைத்தான் நான் பிழையென்று அடித்தேன்.

'நிரை' என்பதோ நம் பழந்தமிழ்ச் சொல். ஒருவர் ஒரு நாளிற் சீவுவதற்கென ஒதுக்கப்பட்ட மரங்களைத் தோட்டத்தார் அச்சொல்லாற் குறிப்பர். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் சொல்லுக்கு அகராதியில் 'பணி' என்றே பொருள். அதை நம்பி 'ஒருவரின் பணி ஐந்நூறு மரம்' என்றெழுதினால் தமிழ் படிக்கும் எவருக்கும் விளங்காது.

'கோட்டுப்பால்' என்ற சொல்லின் அருமை இன்னும் பெரிது. பால் வடிந்து முடிந்தபின் சீவிய கோட்டில் மெல்லிய நாடாபோல் உறைந்து நிற்கும் பாலே கோட்டுப்பால். ஆங்கிலேயர் அதன் தோற்றத்தை நோக்கி 'மரத்தின் சரிகை' என்னும் பொருள்படப் பெயரிட்டனர். நம்மவர் அது நிற்கும் இடத்தை நோக்கிப் பெயரிட்டனர். மங்கில் உறைந்து கட்டியாவது 'கட்டிப்பால்'. இவ்விரு சொற்களையும் எந்தக் கலைச்சொற்குழுவும் ஆக்கவில்லை. இருட்டில் எழுந்து, பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு மரத்தடிக்குச் சென்றவர்கள் ஆக்கினார்கள்.

இனி, இத்தொழிலின் தலையாய வினையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் சொல், பீப்பாயில் குழாய் செருகி நீர்மத்தை வடிப்பதிலிருந்து வந்தது. மலாய் மொழி 'தொரே' என்கிறது. கீறுதல் என்பது அதன் பொருள். தமிழில் 'வெட்டுதல்', 'சீவுதல்' என்ற இரண்டும் வழங்குகின்றன. "அப்பா மரம் வெட்டப் போயிருக்கிறார்" என்று நம் பிள்ளை எழுதினால், தமிழ்நாட்டு வாசகர் மரத்தைச் சாய்க்கப் போனதாகவே கருதுவார். ஆதலால் எழுத்தில் 'சீவுதல்' என்பதே தெளிவுடையது என்பது என் கருத்து. இதற்குத் தொழில் வரலாற்றிலும் சான்று உண்டு.

அமேசான் காடுகளில் பால் எடுத்தோர் சிறு கோடரியால் மரத்தைக் கொத்தினர், அது வெட்டு. 1877-இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பார், பழைய வெட்டுவாயிலிருந்தே மெல்லிய பட்டையைச் சீவி மீண்டும் மீண்டும் பால் எடுக்கலாம் என்று கண்டார். பால் குழாய்கள் பட்டையின் உட்புறத்தில், வளர்படையை ஒட்டி மிகுந்துள்ளன. அவை வலப்புறமாகச் சற்றே சாய்ந்து மேலேறுவதால், கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்திருத்தல் வேண்டும். அப்போதுதான் மிகுதியான குழாய்கள் அறுபடும். ஒரு முறைக்கு ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் பட்டையே செலவாகும். கத்தி ஆழ்ந்து வளர்படையிற் பட்டால் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பின்னர் அவ்விடத்திற் சீவுவது அரிது. இவ்வளவு நுட்பமும் 'சீவுதல்' என்ற ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. பனம்பாளையும் தென்னம்பாளையும் சீவி வழங்கிய மொழிக்கு அச்சொல் புதிதும் அன்று.

நூலோர் சொல் வழிதவறும் இடமும் உண்டு. நல்வகை மரத்தின் பட்டையிலிருந்து முளைக்கும் புள்ளியைப் பெயர்த்து நாற்றில் வைத்துக் கட்டும் முறைக்குச் சில நூல்களில் 'மொட்டு ஒட்டுதல்' என்று காண்கிறோம். ஆங்கிலத்தில் பூவின் அரும்புக்கும் தளிரின் முளைக்கும் ஒரே சொல் வழங்குவதால் நேர்ந்த மயக்கம் இது. தமிழில் மொட்டு என்றால் பூதான் நினைவுக்கு வரும். ஒட்டுவதற்குப் பூ எங்கே என்று மாணவன் தேடுவான். கரும்புக் கரணையில் நம் உழவர் காட்டுவது 'கண்'. உருசியத் திராட்சை உழவரும் அதனைச் 'சிறு கண்' என்றே அழைக்கின்றனர்! ஆதலின் 'கண் ஒட்டு' என்பதே நமக்குப் பொருந்தும்.

இடத்திற்கு இடம் சொல் வேறுபடுவதையும் மறத்தலாகாது. நாம் 'பால்மரம்' என்றால் ரப்பர் மரமே. தமிழ்நாட்டிலோ ஆலும் அத்தியும் பால்மரங்கள்தாம். நாம் 'செம்பனை' என்பதை அங்கே 'எண்ணெய்ப்பனை' என்பர். மலாய்க்காரர் அதனைத் தென்னையோடு சேர்த்துப் பெயரிட்டுள்ளனர். இவற்றுள் எதுவும் தவறன்று. யாருக்கு எழுதுகிறோம் என்பதை அறிந்து ஒன்றைத் தேர்ந்து, கட்டுரை முழுவதும் அதனையே வழங்க வேண்டும். வெளியூரார் படிப்பதாயின் முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் தந்தாற் போதும்.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் நெறி இது: முதலில் வேலையைக் காண்க. அடுத்து, அதைச் செய்வோரிடம் சொல் உண்டா என்று கேட்க. பிறமொழிச் சொல்லாயினும் வேரூன்றித் தனிப்பொருள் பெற்றிருந்தால் அதனைக் களைய வேண்டா. இருக்கும் சொல் பிறர்க்கு மயக்கந்தருமாயின் அதனோடு ஓர் அடைமொழி சேர்க்க. இவ்வளவும் செய்தும் சொல் கிட்டாதபோதுதான் புதுச்சொல் ஆக்க வேண்டும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியிற் படித்தோமே, அவ்விதி சொல்லாக்கத்திற்கும் உரியது.

இதனை இன்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1990ஆம் ஆண்டளவில் செம்பனையின் பரப்பு ரப்பரின் பரப்பை மிஞ்சிவிட்டது. தோட்டங்கள் பல குடியிருப்புகளாயின. நம் மக்கள் மாசாய்க்கும் ஸ்கூடாய்க்கும் பாசீர் கூடாங்கிற்கும் பெயர்ந்துவிட்டனர். பெயரளவில் தோட்டப் பள்ளியாக நிற்கும் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் பேருந்தில் வருகின்றனர். சென்ற ஆண்டு என் மேசையிலிருந்த பழைய மங்கு ஒன்றை வகுப்பிற் காட்டினேன். "பூத்தொட்டியா, ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவள் பாட்டி நாற்பதாண்டு மரம் சீவியவர்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பெரும்பணி அது; ஆயினும் நம் நிரையடிக்கு வந்து சொல் கேட்க அதற்கு வழியில்லை. அப்பணி நமக்கு விடப்பட்டுள்ளது. ஆசிரியர்களே, உங்கள் மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுங்கள்: வீட்டிலுள்ள முதியவரிடம் பத்துத் தொழிற்சொற்களைக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் விளக்கத்தை அவர் பேச்சிலேயே எழுதி வரட்டும். அந்தத் தாளில் மட்டும் சிவப்பு மையைத் தொடாதீர்கள். நான் அன்று அடித்த சொல்லை மறுபடி எழுதிக் கொடுக்க அந்தப் பையனின் கட்டுரை இப்போது என்னிடம் இல்லை.