ஏரிக்குப் புதுத்தண்ணி வந்தால்

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் கொட்டி ஓய்ந்ததும், ஏரி மீனுக்குப் போகிறவர்கள் நடு ஏரியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வரத்துக்கால் வந்து விழும் இடத்திலோ, நிரம்பிய தண்ணீர் வழியும் கலங்கலுக்குக் கீழேயோ போய் நிற்கிறார்கள். ஓடுகிற தண்ணீரில் மீன் உண்டு என்பது அவர்கள் அனுபவம். தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று மீனுக்கு யார் சொன்னது?

முதலில் மூச்சு. ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்பது ஏறத்தாழ ஏழரை மில்லிகிராம்தான். அந்தச் சொற்ப இருப்பிலும் மழை கை வைக்கிறது. வானம் மூடிக்கிடந்தால் பாசிகள் ஆக்சிஜன் தயாரிப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. குளிர்ந்து வண்டல் சுமந்து வரும் புதுத்தண்ணி கனமானது. அது பழைய வெதுவெதுப்பான தண்ணீருக்கு அடியில் நுழைந்து, இலைதழை மக்கி ஆக்சிஜன் தீர்ந்துபோன அடித்தண்ணீரைக் கலக்கிவிடுகிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். கல்லிலும் மேட்டிலும் மோதி நுரைத்து வரும் வரத்துத் தண்ணீரிலோ காற்று தாராளமாகக் கரைந்திருக்கிறது.

சேற்றுத் தண்ணீரில் கண் உதவாது. ஆனால் ஓட்டத்தை அறிய மீனுக்குக் கண் வேண்டியதில்லை. செவுளிலிருந்து வால் வரை அதன் விலாவில் புள்ளி வைத்தாற்போல ஒரு கோடு ஓடும். இதற்குப் பக்கக்கோடு என்று பெயர். ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு அடியில் ஓடும் மெல்லிய குழாயின் திறப்பு. குழாய்க்குள் நுண்மயிர் கொண்ட செல்கள் தண்ணீரின் அசைவுக்கேற்ப வளைகின்றன. நம் காதுக்குள் ஒலியை உணர்வதும் இதே வகைச் செல்கள்தான். ஓட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்ததும் மீன் தலையை அதற்கு எதிராகத் திருப்பிவிடுகிறது.

கெளுத்தி இன்னும் கெட்டிக்காரன். அதற்கு மீசையிலும் உடல் தோலிலும் சுவை மொட்டுகள் உண்டு. அமெரிக்கக் கெளுத்தி ஒன்றில் அவை ஒரு லட்சத்துக்கும் மேல். மனித நாக்கில் சில ஆயிரங்கள்தான். மண்புழுவும் பூச்சியும் அடித்துக்கொண்டு வரும் வெள்ளம் கெளுத்திக்கு விருந்து. கண்ணை நம்பி வேட்டையாடும் மீன்களோ தண்ணீர் தெளியும்வரை திண்டாடுகின்றன. மழை விட்ட கையோடு தூண்டில் போடுகிறவர் மண்புழுவைக் கோத்துக் கெளுத்திக்குக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

இரைக்காக மட்டும் மீன் எதிரேறுவதில்லை. புதிதாக நனைந்த புல்வெளியும் வயலும் முட்டையிடத் தோதான இடங்கள். கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் ஆற்று வெள்ளத்தை உணர்ந்தால்தான் முட்டையிடும். தேங்கிய குளத்தில் சினை முற்றினாலும் அப்படியே நிற்கும். வெள்ளம் வந்த சேதியை உடம்பில் பரப்புவது மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. 1957 ஜூலையில் ஒடிசாவில் மீன் ஆய்வாளர் ஹிராலால் சௌத்ரி, வேறு மீன்களிலிருந்து எடுத்த அந்தச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி, வெள்ளமே இல்லாமல் கெண்டைகளை முட்டையிட வைத்தார். ஒரு பருவமழையை ஊசிக்குள் அடைத்துவிட்டார் என்றே சொல்லலாம். இன்று ஏரிகளில் விடப்படும் கெண்டைக் குஞ்சுகளில் பெரும்பாலானவை இப்படி ஊசியின் உதவியால் பிறந்தவை.

தண்ணீர் முடிகிற இடத்திலும் நிற்காத மீன் ஒன்று உண்டு: பனையேறிக் கெண்டை. செவுள் மூடியின் விளிம்பிலுள்ள முட்களைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரத் தரையில் நடந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் அறை காற்றிலிருந்து நேரே ஆக்சிஜனை எடுக்கிறது. இந்த மீனை மேலே வரவிடாமல் தண்ணீருக்குள்ளேயே தடுத்து வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்! 1791 நவம்பரில் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தின் ஈரப் பொந்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதிவைத்தார். காகமோ பருந்தோ கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்பது பின்வந்தவர்களின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் பிடித்த பனையேறியைத் திறந்த கூடையில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். காலையில் கூடை மட்டும்தான் இருக்கும்.