பனி காய்ந்தபின் பட்டியைத் திறப்போம்

“புல்லில் பனி காயாமல் ஆட்டை ஓட்டாதே” என்பார்கள் பெரியவர்கள். ஏன் தெரியுமா?

வெள்ளாட்டின் நான்காம் இரைப்பையில் ஹீமாங்கஸ் என்னும் உருளைப்புழு ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் குடிக்கும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் 50 மில்லிலிட்டர் போய்விடும்!

புழுவின் முட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, ஈரத்தில் பொரிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள், புல்லின்மேல் படிந்த மெல்லிய நீர்ப்படலத்தில் நெளிந்து மேலேறுகின்றன. ஈரம் உலர்ந்தால் அவற்றால் ஏற இயலாது. எனவே வெயில் ஏறியபின் மேய்த்தால் ஆபத்து குறையும், முற்றிலும் நீங்காது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அருகிலுள்ள பொள்ளாச்சியில், தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஆனி, ஆடி மாதங்களில் பகலெல்லாம் புல் நனைந்தே இருப்பதுண்டு. அந்நாட்களில் அகத்தி, வாகைத் தழைகளைப் பட்டியிலேயே உயரக் கட்டித் தொங்கவிடுங்கள். இளம்புழு தரையை ஒட்டியே இருப்பதால், மரத்தழையை எட்டாது.

பட்டியை நாள்தோறும் பெருக்குங்கள். ஆட்டின் கீழ் இமையை மெல்ல விலக்கிப் பாருங்கள். உட்புறம் நன்கு சிவந்திருந்தால் நலம். வெளுத்திருந்தாலோ தாடைக்கடியில் வீக்கம் கண்டாலோ தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரே மருந்தை அடிக்கடி கொடுத்தால், புழுக்கள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.