ஆழமற்ற அடித்தளங்களின் தாங்குதிறன்

அடித்தளத்தின் கீழுள்ள மண், சறுக்கி விலகாமல் ஏற்கக்கூடிய பெரும அழுத்தம் அம்மண்ணின் தாங்குதிறன் எனப்படும். பொதுவாக அகலத்தை விட ஆழம் மிகாத அடித்தளங்கள் ஆழமற்றவை எனக் கருதப்படுகின்றன. வீடுகளின் சுவர், தூண் அடித்தளங்கள் பெரும்பாலும் இவ்வகையினவே.

மண் கல்லைப் போல நொறுங்குவதில்லை. அதன் துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன. சறுக்கலைத் தடுப்பவை துகள்களின் உராய்வும் களிமண்ணின் ஒட்டுந்தன்மையும் ஆகும். சுமை எல்லை மீறும்போது, அடித்தளத்துக்கு நேர்கீழே ஆப்பு வடிவிலுள்ள மண் இறங்கிப் பக்கத்து மண்ணை வெளியே தள்ளும். அது வளைந்த பாதையில் நகர்ந்து தரையை மேடாக்கும். சுற்றியுள்ள மண்ணின் எடை இவ்வெழுச்சியை அமுக்குவதால், அடித்தளம் ஆழமாகும்போது தாங்குதிறன் கூடுகிறது. ஒட்டுந்தன்மை, சுற்றுமண்ணின் எடை, அடித்தள அகலம் ஆகிய மூன்றின் பங்கையும் கூட்டிக் கணக்கிடும் சமன்பாட்டை கார்ல் தெர்சாகி 1943இல் வெளியிட்டார். தளர்ந்த மணலில் இத்தகைய மேடு தோன்றாது. அடித்தளம் துளைத்தபடி கீழிறங்கும்.

கனடாவின் வினிப்பெக் அருகே டிரான்சுகோனாவில் இருந்த தானியக் களஞ்சியம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. 65 கொள்கலன்களைக் கொண்ட இக்கட்டடம், சுமார் 23 மீட்டர் அகலமும் 59 மீட்டர் நீளமும் உள்ள ஒரே கற்காரைப் பலகையின்மேல் நின்றது. 1913 செப்டம்பரில் தானியம் நிரப்பத் தொடங்கினர். அக்டோபர் 18 அன்று, கொள்ளளவான பத்து இலட்சம் புசெலில் சுமார் 8,75,000 புசெல் நிரம்பியிருந்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் கட்டடம் ஏறத்தாழ 30 செ.மீ. அமிழ்ந்தது. பின்னர் மேற்காகச் சாய்ந்து, ஒரு நாளுக்குள் சுமார் 27 பாகையில் நின்றது. கட்டடம் ஏறக்குறைய சிதையவே இல்லை. தோற்றது மண் மட்டுமே.

கட்டுமானத்துக்கு முன் குழியின் அடியில் செய்த சுமைச் சோதனை மண்ணைப் போதிய வலிமையுடையதாகக் காட்டியிருந்தது. ஆனால் சிறு பரப்பில் வைக்கும் சுமை மேலடுக்கை மட்டுமே அழுத்தும். அகலம் எவ்வளவோ, அதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு ஆழம் வரை அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவில் பரவும் என்பதால், 23 மீட்டர் பலகையின் சுமை கீழிருந்த மென்களிமண்ணைச் சென்றடைந்தது. 1950களின் தொடக்கத்தில் ரால்ஃப் பெக், பிரையன்ட் ஆகியோர் அவ்விடத்தில் துளையிட்டு எடுத்த மண்ணின் வலிமையைக் கொண்டு கணக்கிட்டனர். கிடைத்த தாங்குதிறன் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோநியூட்டன்; கட்டடம் சாய்ந்தபோது நிலவிய அழுத்தமும் ஏறத்தாழ அதுவே.

இவ்வாறு முழுதும் கவிழும் கட்டடங்கள் அரிது. சீரற்ற அமிழ்வால் விரிசல் காண்பவையே மிகுதி. ஆகவே வடிவமைப்பில் தாங்குதிறனைப் பெரும்பாலும் 2.5 அல்லது 3 என்ற பாதுகாப்புக் காரணியால் வகுத்த பின்னரும், அமிழ்வு தனியே சரிபார்க்கப்படுகிறது.

டிரான்சுகோனா களஞ்சியம் இடிக்கப்படவில்லை. பாறை வரை தூண்கள் இறக்கி, 1914இல் அதை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தினர்.