சிகரட்டை விட்டபின் வரும் பசி

சிகரட்டை விட்டு இரண்டு மாதமான ஒருவரைக் கண்டியில் யாராவது வழியில் கண்டால் முதலில் கேட்பது, "என்ன, நல்லா உடம்பு போட்டுட்டீங்க?" என்றுதான். இருமல் நின்றதை யாரும் விசாரிப்பதில்லை. மலைப்படி ஏறும்போது மூச்சு வாங்காததும் யார் கண்ணிலும் படுவதில்லை. வயிறு மட்டும் படுகிறது. இந்த ஒரு பேச்சுக்குக் கூசியே மறுபடி பெட்டிக்கடைக்குப் போய், சில்லறையாக ஒரு சிகரட் வாங்கிப் பற்றவைத்தவர்கள் உண்டு. ஆகவே ஒளிக்காமல் சொல்லிவிடலாம்: புகைப்பதை விட்டால் பெரும்பாலானவர்களுக்கு எடை கூடும். எவ்வளவு கூடும், ஏன் கூடும், எந்த மாதத்தில் கூடும் என்று தெரிந்துகொண்டால் அதைக் கட்டுக்குள் வைப்பது அப்படியொன்றும் பெரிய காரியமல்ல.

பிரித்தானியாவின் பிஎம்ஜே மருத்துவ இதழில் 2012 இல் வந்த ஆய்வொன்று, அதற்கு முன் நடந்த 62 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்குப் பார்த்தது. மருந்து உதவி இல்லாமல் புகையை விட்டவர்களுக்கு முதல் மாதத்தில் சராசரியாக 1 கிலோவுக்குச் சற்று மேலும், மூன்று மாதத்தில் ஏறத்தாழ 3 கிலோவும், ஒரு வருடம் முடியும்போது நான்கரை கிலோவுக்குச் சற்று மேலும் கூடியிருந்தது. எல்லோருக்கும் இப்படித்தான் என்றில்லை. ஆறு பேரில் ஒருவருக்கு எடை குறைந்தே இருந்தது. எட்டுப் பேரில் ஒருவருக்கு 10 கிலோவுக்கு மேல் ஏறியது. வருடம் முழுதும் கூடியதில் பாதிக்கும் மேல் முதல் மூன்று மாதத்திலேயே வந்துவிடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கவனம் தேவைப்படுவது அந்த மூன்று மாதத்தில்தான்.

காரணம் நிக்கொட்டின். அது உடம்பில் இரண்டு வேலை பார்க்கிறது. மூளையில் ஹைப்போதலமஸ் என்ற பகுதியில், "வயிறு நிறைந்துவிட்டது, போதும்" என்று சொல்லும் நரம்புக் கலங்கள் இருக்கின்றன. நிக்கொட்டின் அவற்றைத் தூண்டிவிடுகிறது. சாப்பிடாதவருக்கும் சாப்பிட்ட உணர்வு வருவது அதனால்தான். காலையில் ஒரு பிளேன் டீயும் ஒரு சிகரட்டும் போதும், பதினொரு மணிவரை ஒன்றும் வேண்டாம் என்று சிலர் இருந்துவிடுவது இந்தத் தைரியத்தில்தான். இரண்டாவது வேலை, இதயத்தை வேகமாக அடிக்கவைத்து உடம்பை எந்நேரமும் கொஞ்சம் கூடுதலாக எரியவிடுவது. நாளொன்றுக்கு ஒரு பெட்டிக்கு மேல் புகைப்பவரின் உடம்பு அதனால் மட்டும் ஏறத்தாழ 200 கலோரியைக் கூடுதலாகச் செலவழிக்கிறது. புகைப்பவரின் இதயம் வீணாக ஓடி எரிக்கும் எரிப்பு அது. அதைப் போய் நன்மைக் கணக்கில் எழுதக்கூடாது.

விட்டவுடன் இரண்டும் நின்றுபோகின்றன. பசி திரும்பி வருகிறது, செலவு குறைகிறது. நாக்கும் மூக்கும் விழித்துக்கொள்வதால் கறியின் வாசம் நன்றாகப் பிடிபடும், சோறு ருசிக்கும். 200 கலோரி என்பது எண்ணெயில் பொரித்த ஒரு ரோல்ஸ் அளவு. ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். நாளுக்கு 200 மிஞ்சினால் ஐந்தாறு வாரத்தில் ஒரு கிலோ. ஆய்வு சொன்ன முதல் மாதக் கணக்கும் இதை ஒட்டியே வருகிறது. கூடும் எடை ஆகாயத்திலிருந்து விழுவதில்லை.

சிகரட் கொம்பனிகள் இந்த எடைப் பயத்தை வைத்து நெடுங்காலம் வியாபாரம் செய்திருக்கின்றன. 1920களின் கடைசியில் அமெரிக்காவில் லக்கி ஸ்ட்ரைக் விளம்பரம், இனிப்புக்குக் கை நீட்டாதே, எங்கள் சிகரட்டுக்கு நீட்டு என்று பெண்களிடம் சொன்னது. மிட்டாய்க் கொம்பனிகள் சண்டைக்கே வந்துவிட்டன. மெலிந்த உடம்பையும் சிகரட்டையும் முடிச்சுப்போட்டது வைத்தியர்களல்ல, விளம்பரக்காரர்கள். நம் ஊரில் "விட்டால் ஊதிடுவீங்க" என்று சொல்பவருக்கு அந்தச் சரித்திரம் தெரியாது, பாவம்.

இனி கண்டிக்கு வருவோம். இங்கே எடையை ஏற்றுவது பெரும்பாலும் சோறு அல்ல, தேநீர்க்கடை. மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஏதாவதொரு கடையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். ஹயருக்கும் ஹயருக்கும் நடுவே த்ரீவீல்காரர் வருவார். கண்ணாடிக் கிளாசில் பிளேன் டீ, கேட்காமலே மூன்று கரண்டி சீனி. முன்பு மறு கையில் சிகரட் இருந்தது. இப்போது அந்தக் கை சும்மா இருக்கிறது. எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், பட்டிஸ், உளுந்து வடை, மீன் பனிஸ். கை தானாகவே அங்கே போகும். அது வயிற்றுப் பசியல்ல, கையின் பழக்கம். நாளுக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி என்றால் 70 முதல் 90 கிராம் சீனி, அதாவது ஏறத்தாழ 300 கலோரி. உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்குச் சொல்லும் உச்ச எல்லையே நாளுக்கு 50 கிராம்தான். 25 கிராமுக்குள் நிற்பது இன்னும் நல்லது என்கிறது. இந்தச் சீனியோடு இரண்டு ஷோர்ட் ஈட்ஸும் சேர்ந்தால் நிக்கொட்டின் எரித்ததைப்போல மூன்று மடங்கு உள்ளே போய்விடும்.

ஆகவே ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால் தேநீர்ச் சீனியை மாற்றுங்கள். வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வந்தால் நாக்கு முறையிடாது. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் கெடுதல் இல்லை என்று மலைநாட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ருசி அருமைதான், ஆனால் கருப்பட்டியும் சீனிதான், கட்டி சின்னதாக இருக்கட்டும். டின்பால் டீ வேண்டவே வேண்டாம். குளிர்பானம் வாங்கினால் போத்தலில் நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் அது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை.

தேநீரில் இன்னொரு சங்கதியும் உண்டு, பலருக்குத் தெரியாது. சிகரட் புகையிலுள்ள சில பொருட்கள் ஈரலைத் தூண்டி, தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீனை வேகமாக அழித்துவிடும். புகை நின்றதும் அந்த வேகமும் நின்றுவிடும். பழையபடி ஆறு கிளாஸ் குடித்தால் இரத்தத்தில் கஃபீன் முன்னைவிட வெகுவாகக் கூடும். நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, எரிச்சல் வரும். "சிகரட் இல்லாததால்தான் இப்படி" என்று நினைத்துக்கொள்வோம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசியும் கூடும். ஆறைப் பாதியாக்குங்கள், மாலை நான்கு மணிக்குமேல் வேண்டாம்.

வாய்க்கு என்ன கொடுப்பது? புகை ஆசை அலைபோல் எழுந்து சில நிமிடங்களில் அடங்கிவிடும். அந்த நேரத்தைக் கடத்தினால் போதும். மாத்தளைப் பக்கத்துக் கறுவாப்பட்டையில் ஒரு சிறு துண்டு, அல்லது ஒரு கராம்பு, வாயில் ஒதுக்கிக்கொள்ளலாம்; கலோரி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. பஸ் நிலையத்தில் பேப்பர்ச் சுருளில் தரும் அவித்த கடலை நல்லது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கொய்யா நல்லது. மென்று முடிக்க நேரம் எடுக்கும். வறுத்த கச்சான் ஒரு கைப்பிடியோடு நிற்க வேண்டும், அதில் எண்ணெய் அதிகம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சிகரட்டுக்குப் பதிலாக வெற்றிலைக்கோ பாபுலுக்கோ மாறாதீர்கள். தோட்டப் பக்கங்களில் இது சர்வசாதாரணமாக நடக்கிறது. வீட்டிலும் தடுப்பதில்லை, பெரியவர்கள் போடுவதுதானே என்று விட்டுவிடுவார்கள். புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்கு மட்டும் என்றாலும் அது புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். இரண்டு கிலோ எடைக்குப் பயந்து இதற்குப் போவது எந்த விதத்திலும் கணக்குக்குச் சரிவராது.

சாப்பாட்டில் பட்டினி கிடக்காதீர்கள், முதல் மாதத்தில் முக்கியமாக. வயிறு காய்ந்தால் புகை ஆசை இரட்டிப்பாகும்; டயட்டும் போய் சிகரட்டும் திரும்பும். காலைச் சாப்பாட்டை விடாமல், தட்டின் பங்கை மட்டும் மாற்றினால் போதும். கடையில் வாங்கும் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு பேருக்குப் போதுமான சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி மரக்கறி. அதில் பாதிச் சோற்றை எடுத்து வைத்துவிட்டு, வல்லாரைச் சம்பல், பருப்பு, மீன் என்று மற்றதைக் கூட்டிக்கொள்ளுங்கள். கீரையும் பருப்பும் கௌபியும் வயிற்றில் நேரம் தங்கும். புகையை விட்ட முதல் வாரங்களில் பலருக்கு மலச்சிக்கல் வரும்; அதற்கும் இவைதான் மருந்து. இரவில் கொத்துரொட்டி வாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் யாரும் செத்துவிடமாட்டார்கள். சாராயம் வேறு விஷயம். அதன் கலோரி ஒரு பக்கம், கூட வரும் பைட்ஸ் ஒரு பக்கம், இரண்டாவது கிளாசில் "ஒரே ஒரு சிகரட்" என்று கேட்கும் வாய் ஒரு பக்கம். முதல் மூன்று மாதம் அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

நடைக்கு இந்த ஊரில் இடத்துக்குக் குறைவில்லை. 1807 இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டுவித்த வாவியை ஒரு சுற்றுச் சுற்றினால் 3 கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும். கைவீசி நடந்தால் நாற்பது நிமிடம். நிக்கொட்டின் எரித்துக்கொண்டிருந்த 200 கலோரிக்குக் கிட்டத்தட்ட அதுவே ஈடு. ஆனால் காலை ஏழுக்குப் பின் போகாதீர்கள். மலைகள் சூழ்ந்த கிண்ணத்துக்குள் நகரம் இருப்பதால் பள்ளிக்கூட நேரத்து வாகனப் புகை போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். சிகரட்டை விட்டுவிட்டு பஸ் புகையை இழுப்பானேன்? விடியற்காலையில் வாவி, பகலில் உடவத்தகலைக் காடு, வசதியிருந்தால் பேராதனைப் பூங்கா. ஹந்தானைப் பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டுக்குப் போகும் ஏற்றமே போதும், த்ரீவீலை மறந்தால். பத்துப் பதினைந்து நிமிட நடை அந்த நேரத்துப் புகை ஆசையையும் தணிக்கும்.

அளவெடுக்கும் விதத்திலும் ஒரு சொல். தினமும் தராசில் ஏறி மனம் நொந்துகொள்ளாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் போதும். எடையைவிட இடுப்பை அளப்பது மேல், நம்மவர்களுக்குக் கொழுப்புச் சேருவது வயிற்றில்தான். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80, அதற்குள் இருக்க வேண்டும். பெல்ட் கட்டுபவருக்குத் துளை மாறும்போது தெரிந்துவிடும். சாரம் கட்டுபவருக்குத் தெரியாது. அது எத்தனை அங்குலத்துக்கும் இடம் கொடுக்கும். டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பாருங்கள்.

நிக்கொட்டின் சூயிங்கம் போன்றவையும் சில மாத்திரைகளும் எடை கூடுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். வைத்தியரைக் கேட்டு எடுக்கலாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்களும், ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் மாத்திரை குடிப்பவர்களும் புகையை விட்டதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும். புகை நின்றால் மருந்தின் அளவு மாறக்கூடும்.

எடை கூடினால் விட்டதன் பலனே போய்விடுமா? இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. அமெரிக்கத் தாதியரையும் ஆண் சுகாதாரப் பணியாளர்களையும் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018 இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்தது. விட்டபின் 10 கிலோவுக்கு மேல் ஏறியவர்களுக்குக்கூட, இருதய நோயால் சாகும் அபாயம் தொடர்ந்து புகைத்தவர்களைவிட மூன்றில் இரண்டு பங்கு குறைவு. ஆனால் அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையும் சொன்னது. எடை கூடியவர்களுக்கு நீரிழிவு வரும் அபாயம் சில காலம் ஏறி, ஐந்து முதல் ஏழாம் ஆண்டில் உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கியது. எடை கூடாதவர்களுக்கு அந்த ஏற்றமே இல்லை. நீரிழிவு ஏற்கெனவே மலிந்து கிடக்கும் நம் நாட்டில் இந்த எச்சரிக்கையைச் சும்மா விடக்கூடாது.

அரசாங்க வைத்தியசாலைகளில் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் நடக்கின்றன. நடுவயதைத் தொட்டவர்களுக்கு அங்கே எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். புகையை விட்டவர் வருடத்துக்கு ஒரு முறையாவது போய்ச் சீனியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விட முடியாமல் தவிப்பவர்களும், விட்டுவிட்டு மறுபடி கை நடுங்குபவர்களும் தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகாரசபையின் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.