பருத்தி விதையும் பார்ட்னர்ஷிப் கணக்கும்

அருப்புக்கோட்டைப் பக்கம் விதைக் கடைக்குப் போனால் பி.டி. பருத்தி விதைப் பாக்கெட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். அரைக் கிலோகூடத் தேறாது. ஆனால் அதுக்குள்ளே நாலு தேசம் உட்கார்ந்திருக்கு சார்!

1901-ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. காரணம் தேடிய இஷிவாட்டா என்ற விஞ்ஞானியிடம் ஒரு பாக்டீரியா மாட்டியது. 1911-ல் ஜெர்மனியில் பெர்லினர் என்பவர் மாவு மில் அந்துப்பூச்சியில் அதே ஆசாமியைப் பிடித்தார். அந்தத் துரிஞ்சியா வட்டாரத்தின் பெயரையே அதற்கு வைத்தார். 'பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்'... சுருக்கமாக பி.டி.!

அமெரிக்காவின் மான்சாண்டோ கம்பெனி அதன் ஜீனைப் பருத்திக்குள் செருகியது. மகாராஷ்டிராவின் மஹிகோ அதை இந்திய ரகங்களோடு கலந்தது. 1998-ல் இருவரும் ஆளுக்குப் பாதி என்று கூட்டுச் சேர்ந்தார்கள். 2002 மார்ச்சில் மத்திய அரசு பச்சைக்கொடி காட்டியது.

இந்தச் செடியைக் கடித்தால் காய்ப்புழுவின் குடல் ஓட்டையாகிவிடும். ஆரம்பத்தில் மருந்துச் செலவு குறைந்தது நிஜம். மறுக்கவில்லை.

ஆனால் நான் பி.காம். கூட்டு வியாபாரம் என்றால் லாபத்தோடு நஷ்டத்தையும் பங்கு பிரிக்கணும் என்றுதான் படித்தேன். இங்கே?

கருங்கண்ணிப் பருத்தி போட்ட காலத்தில் விதை சம்சாரி வீட்டு மூலையிலேயே இருந்தது. இது ஹைபிரிட். விளைந்ததில் விதை எடுத்துப் போட்டால் அதே மகசூல் வராது. வருஷா வருஷம் பாக்கெட்தான்! புழுவும் சும்மா இருக்கவில்லை. குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் ஜீனுக்கு டேக்கா கொடுத்துவிட்டதை 2010-ல் மான்சாண்டோவே ஒப்புக்கொண்டது. 2006-ல் வந்திருந்த இரட்டை ஜீன் விதையும் பின்னாளில் அதனிடம் தோற்றது. 2018-ல் மான்சாண்டோ ஜெர்மனியின் பேயர் கம்பெனிக்குக் கைமாறியது. கம்பெனிக்குக் கைமாற வழி உண்டு. கடனோடு நிற்கிற சம்சாரி யாருக்குக் கைமாறுவார்?

திருச்சுழி மானாவாரிக் காட்டில் புழுவைவிடப் பெரிய வில்லன் வானம். ஐப்பசி மழை பெய்தால் வரவு, பொய்த்தால் பற்று. அதற்கு முன்னாடியே விதை, உரம், கூலி எல்லாம் மண்ணுக்குள் போயாச்சு. காய்ப்புழு ஜீன் வானத்தை ஒண்ணும் செய்யாது. அசுவினி, தத்துப்பூச்சியைக்கூடச் செய்யாது.

நாடு விட்டு நாடு விஞ்ஞானிகள் கூடுவது நல்ல விஷயம்தான். வேண்டாம் என்று யார் சொன்னது? அருப்புக்கோட்டையிலேயே வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அடுத்த கூட்டாளிகள் அங்கே வந்து, குண்டாற்று மணலில் வெறுங்காலோடு நாலு எட்டு நடக்கட்டும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து அப்புறம் போட்டுக்கலாம்!