கையால் கற்கும் விஞ்ஞானம் – 9: காற்றை எடைபோடும் மலை

மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் 1972-இல் தொடங்கி, முப்பது ஆண்டுகள் நடந்து, 2002-இல் அரசாங்க முடிவு ஒன்றினால் நின்றுபோன விஞ்ஞானக் கல்வி முயற்சியின் சரித்திரத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதே நோக்கம் கொண்ட காரியம் ஒன்று இப்போது நம் மாநிலத்திலேயே நடந்து வருகிறது. 2022 நவம்பர் 28-ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘வானவில் மன்றம்’ என்னும் திட்டத்தின்படி, 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளைத் தேடி, 700-க்கும் மேற்பட்ட கருத்தாளர்கள் இருசக்கர வண்டிகளில் சோதனைப் பெட்டியுடன் செல்கிறார்கள். கணக்குப் பார்த்தால் ஒருவருக்குப் பதினெட்டுப் பள்ளிகளுக்கு மேல் வருகிறது. ஒரு பள்ளி ஒரு தரம் பார்த்த முகத்தை மறுபடி பார்ப்பதற்குள் குழந்தைகளின் ஆவல் ஆறிப்போகாதா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆயினும், கரும்பலகையில் வரைந்த காந்தத்தையன்றி வேறு காந்தம் அறியாத குழந்தையின் கையில் மெய்யான காந்தம் ஒன்றை வைக்கும் திட்டத்தைக் குறை சொல்வதற்கு மனம் வருவதில்லை.

அந்தப் பெட்டியைப் பின்தொடர்ந்து கொல்லிமலைக்குப் போவோம். நாமக்கல் மாவட்டத்துச் சமவெளியில், காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் சாலை, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, கடல் மட்டத்துக்கு மேல் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்த பீடபூமியை அடைகிறது. மேலே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும், அவர்தம் குழந்தைகளுக்கான உண்டு உறைவிடப் பள்ளிகளும், செங்கரையில் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி ஒன்றும் இருக்கின்றன. அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கவும் ஆகாய கங்கையில் நீராடவும் வருகிறவர்கள் அந்த எழுபது வளைவுகளைத் தலைசுற்றல் என்ற ஒரே கணக்கில் எழுதி முடித்துவிடுகிறார்கள். ஆனால் பௌதிக சாஸ்திரம் அறிந்தவன் அந்தச் சாலையில் ஏறும்போது, பெட்டிக்குள் இருக்கும் எந்தச் சோதனையைக் காட்டிலும் மகத்தான ஒரு சோதனையின் ஊடேதான் பெட்டியைச் சுமந்து செல்கிறான்.

1648 செப்டம்பர் 19-ஆம் தேதி, பிரெஞ்சு தேசத்து ஞானியாகிய பாஸ்கலின் வேண்டுகோளுக்கு இணங்கி, அவருடைய தமக்கையின் கணவர் பெரியர் என்பவர், பாதரசம் நிரம்பிய கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு பியூய் தெ டோம் என்ற மலைமேல் ஏறினார். அடிவாரத்திலிருந்து சிகரம் சுமார் 1,000 மீட்டர் உயரம். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேலாகவே இறங்கியிருந்தது. காற்றுக்கு எடை உண்டு, மேலே ஏற ஏற அந்தப் பாரம் குறைகிறது என்ற உண்மை அன்று பிரத்தியட்சமாயிற்று. எனக்கு அதைவிடச் சுவாரசியமாகத் தோன்றுவது வேறொன்று: அதே போன்ற இன்னொரு குழாயை அடிவாரத்து மடத்துத் தோட்டத்தில் நிறுத்தி, அது நாள் முழுவதும் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும்படி ஒரு துறவியைப் பெரியர் அமர்த்திவிட்டுப் போயிருந்தார். அது அசையவில்லை. ஆகவே மலைமேல் கண்ட மாற்றத்துக்கு மலையே காரணம் என்று துணிந்து சொல்ல முடிந்தது. காரவள்ளிக்கும் மலைமேலுள்ள செம்மேடு என்னும் ஊருக்கும் இடையேயுள்ள உயரமும் ஏறக்குறைய 1,000 மீட்டர்தான். பெரியர் கண்ட அந்த மூன்று அங்குலம் இங்கேயும் இருக்கிறது, எடுப்பாரின்றி.

பாதரசம் விஷமாதலால் குழந்தைகளிடம் கொடுக்கலாகாது. அது தேவையும் இல்லை. மலைமேல் காலித் தண்ணீர்ப் புட்டியை இறுக மூடி, பேருந்தில் அடிவாரம் வரை கொண்டு வந்தால், அது பக்கம் ஒடுங்கி நெளிந்திருக்கக் காணலாம். இன்னும் நுட்பமாக வேண்டுமானால், பெரிய புட்டி ஒன்றின் வாயைத் தக்கையால் அடைத்து, வளைத்த மெல்லிய ஒளிபுகும் குழாய் ஒன்றை அதில் செருகி, வளைவில் சாயநீரை நிற்கவிட வேண்டும். குழாயின் மறுமுனை திறந்திருக்கட்டும். மூன்று மீட்டர் உயரம், அதாவது ஒரு மாடி, ஏறினாலே அந்தச் சாயநீரின் மட்டங்களுக்கிடையே மூன்று மில்லிமீட்டர் அளவு வித்தியாசம் காணும். ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. புட்டியைக் குழந்தை கையால் ஏந்திக்கொண்டு படியேறினால், உள்ளங்கையின் சூட்டினால் உள்ளிருக்கும் காற்று விரியும். ஒரு டிகிரி சூடு ஏறுவது மூன்று சென்டிமீட்டர் அளவுக்குச் சாயநீரைத் தள்ளிவிடும். கண்டுபிடிக்க வந்ததைப் போலப் பத்து மடங்கு பொய்! புட்டியை மணல் நிரம்பிய வாளியில் புதைத்து, வாளியின் காதைப் பிடித்துத் தூக்கிச் செல்ல வேண்டும் என்ற யுக்தியை உபாத்தியாயர் சொல்லிவிடாமல், குழந்தைகளே தடுமாறிக் கண்டடையும்படி பொறுமையாகக் காத்திருப்பாரானால், அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடான பாடம் வேறு இல்லை. கருத்தாளர் செய்து காட்ட, குழந்தைகள் கைதட்டிவிட்டுக் கலைவது வேடிக்கையே தவிர, செய்முறை ஆகாது.

தண்ணீர் கொதிப்பதையும் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் 100 டிகிரி என்றிருக்கும். இந்த மேல்நிலத்தில் 96 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். வெப்பமானி புத்தகத்தோடு முரண்படும் அந்த நேரத்தில், குழந்தை எதை நம்புகிறது என்று கவனியுங்கள். கருவி பழுது என்று சொல்லிப் புத்தகத்தின் பக்கம் சேர்ந்துகொள்ளும் குழந்தைகளையே நம் பரீட்சைகள் வளர்த்து வந்திருக்கின்றன.

இது விஞ்ஞானம், இனி எந்திர சாஸ்திரம். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த இந்த மலையில், சேலம், நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கான மரவள்ளி பெருமளவில் புகுந்து, சிறுதானிய நிலத்தைக் குறைத்துவிட்டது. சாமை அருகியதற்கு விலை மட்டும் காரணமன்று. இரண்டு மில்லிமீட்டரே உள்ள மணியை இறுகப் பற்றியிருக்கும் உமியை உரலில் குத்தி நீக்குவது பெண்களின் தோளை ஒடிக்கும் வேலை. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், இம்மலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியின் பகுதியாக, உமி நீக்கும் எந்திரங்களை மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் கொண்டுவந்து வைத்தது. சுழலும் தட்டு ஒன்று மணியை வீசிச் சுவரில் மோதவைத்து உமியை உடைக்கும் வகை எந்திரம் ஒன்று உண்டு. வேகம் மிகுந்தால் அரிசி நொறுங்கிக் குருணையாகும். குறைந்தால் உமி போகாது. மணிகளோ பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கும். எந்த வேகத்தில் நூறு மணிக்கு எத்தனை முழு அரிசி என்று எண்ணிக் கட்டம்போட்டு எழுதுவது எட்டாம் வகுப்புக் குழந்தையால் ஆகாத காரியமல்ல. 1980 முதல் இயங்கிவரும் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நம் மாநிலத்தில் நடத்திவரும் குழந்தைகள் அறிவியல் மாநாடு, பத்து முதல் பதினேழு வயது வரையிலான குழந்தைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையைத் தாங்களே குழுவாக ஆராய்ந்து வர வேண்டும் என்றுதான் கேட்கிறது. அரைக்கப் போகும் அம்மாவுடன் கூடப் போகிற குழந்தைக்கு அந்த எந்திரத்தைவிட நல்ல விஷயம் கிடைக்குமா?

ஆகையால் வானவில் மன்றத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். சமவெளிக்கு எழுதிய சோதனைப் பட்டியலையே மலைக்கும் அனுப்பாதீர்கள். அடிவாரத்துப் பள்ளி ஒன்றையும் செம்மேட்டுப் பக்கத்துப் பள்ளி ஒன்றையும் ஒரே நாளில் இணைத்து, இரண்டிடத்திலும் ஒரே மாதிரியான புட்டியையும் குழாயையும் கொடுத்து, கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அளவைச் சொல்லிக்கொள்ளும்படி செய்யுங்கள். செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். அடிவாரத்துத் துறவியின் வேலையைக் காரவள்ளிக் குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள்.

(தொடரும்)