டேங்க் நிறைய 'டெஃப்' இருந்தும் வண்டி இழுக்கலையா? சென்சாரை மாற்றும் முன் இதைப் பாருங்க!

டேங்கில் டெஃப் திரவம் முழுசா இருக்கும். ஆனால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சக்தி குறைந்து, பக்கெட்டைத் தூக்கவே வண்டி திணறும். மணிக்கணக்கில் வாடகைக்கு ஓடும் இயந்திரம் என்றால், அன்றைய வருமானம் போச்சு.

இந்த நேரத்தில் பலரும் செய்வது, நேராக சென்சாரை மாற்றுவது. ஆனால் கோளாறு சென்சாரில்தானா?

டெஃப் என்றால் என்ன?

32.5 சதவீதம் யூரியா, 67.5 சதவீதம் தாது உப்பு நீக்கிய தண்ணீர். அவ்வளவுதான். இது டீசலோடு கலப்பதில்லை. நீல மூடி போட்ட தனி டேங்கில் இருக்கும். சூடான புகைக்குழாயில் தெளிக்கப்பட்டதும் அம்மோனியாவாக மாறி, நச்சான நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடும்.

டிப்பர், டிரான்சிட் மிக்சர் போன்ற லாரிகளுக்கு பிஎஸ்-6 விதி 2020 ஏப்ரல் 1-ல் வந்தது. சக்கரத்தில் ஓடும் கட்டுமான வாகனங்களுக்கு நான்காம் கட்ட புகை விதி 2021 ஏப்ரலிலும், ஐந்தாம் கட்டம் 2025 ஜனவரியிலும் அமலானது. பெரிய லோடர், கிரேடர் போன்றவற்றில் டெஃப் டேங்க் வந்தது இதனால்தான். சிறிய இன்ஜின் கொண்ட எல்லா வண்டியிலும் இது இருக்காது.

சென்சார் எப்படி கண்டுபிடிக்கிறது?

டேங்குக்குள் இருக்கும் சென்சார் அளவு, வெப்பம், தரம் மூன்றையும் பார்க்கும். பல வண்டிகளில் தரத்தை அளப்பது ஒலி அலை. யூரியாவின் அளவு மாறினால், திரவத்துக்குள் ஒலி போகும் வேகமும் மாறும். வேகமாக ஊற்றியதால் காற்றுக் குமிழி வந்தாலும், கொஞ்சம் டீசல் கலந்தாலும் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

திருச்சி வெயிலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஐஎஸ்ஓ 22241 தரநிலைப்படி, 25 டிகிரி செல்சியஸில் வைத்தால் டெஃப் 18 மாதம் தாங்கும். 30 டிகிரியில் 12 மாதம். 35 டிகிரியில் 6 மாதம்தான். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியில், கேனை வெட்டவெளியில் அடுக்கி வைத்தால் சரக்கு சீக்கிரமே கெட்டுப்போகும். அப்போது சென்சார் சொல்வது பொய் அல்ல, உண்மை.

கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

1. கோடை அழிக்காதீங்க, முதலில் எழுதி வைங்க. எஸ்பிஎன் 1761 என்றால் டேங்க் அளவு. 3364 என்றால் தரம். கூடவே வரும் எஃப்எம்ஐ எண்ணும் முக்கியம். 3, 4, 5 என்றால் வயரிங் பக்கம் பாருங்க. 9 என்றால் சென்சாரிடமிருந்து தகவலே வரவில்லை. 1 அல்லது 18 என்றால் அளவீடு இருக்க வேண்டியதைவிடக் குறைவு. அப்போது முதலில் திரவத்தைச் சந்தேகப்படுங்க.

2. டேங்கிலிருந்து சில சொட்டு எடுத்து, டெஃப் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்க. 31.8 முதல் 33.2 வரை இருந்தால் சரி. ஆனால் எண்ணெய் கலப்பை இந்தக் கருவி சரியாகக் காட்டாது. கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, டீசல் வாசனை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

3. கனெக்டரைக் கழற்றிப் பாருங்க. வெள்ளையாக உப்புப் பூத்தது போல இருந்தால், டெஃப் கசிந்து உள்ளே ஏறியிருக்கிறது. இது செம்பு வயரை அரித்துவிடும். டேங்க் மூடியைச் சுற்றிப் படிந்த படிகத்தை டிஸ்டில்டு வாட்டரால் கழுவலாம்.

4. சென்சாருக்கு மின்சாரம் வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கணும். பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு, தகவல் போகும் இரண்டு வயர்களுக்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஏதோ ஓர் இடத்தில் இணைப்பு விட்டிருக்கிறது.

திரவம், கனெக்டர், வயரிங் மூன்றும் சரியாக இருந்து, சென்சார் மட்டும் தவறாகச் சொன்னால்தான் அதை மாற்ற வேண்டும். பல மாடல்களில் பம்புக்குப் போகும் குழாயும் சென்சாரும் ஒரே செட்டாக வருவதால், செலவு அதிகம்.

உர யூரியாவைக் கரைத்து ஊற்றலாமா?

கூடவே கூடாது. வயலுக்குப் போகும் மானிய யூரியாவில் வேப்ப எண்ணெய் பூசப்பட்டிருக்கும். அதிலிருக்கும் கழிவுகள் தெளிப்பானை அடைத்து, வினையூக்கியையும் கெடுக்கும். மானிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது குற்றமும்கூட. அது டெல்டா விவசாயிக்குப் போக வேண்டிய மூட்டை.

சென்சாரை ஏமாற்றும் பெட்டியை மாட்டுவதும் தீர்வல்ல. வண்டி ஓடும், ஆனால் வடிகட்டாத புகை பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குத்தான் போகும்.

இவ்வளவு முக்கியமா?

2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அப்படி ஒரு நேரத்தில் கரையில் நிற்கும் இயந்திரம் ஒரு சென்சாரால் முடங்கினால் என்ன ஆகும்? அமெரிக்காவிலும் இதே புலம்பல்தான். டெஃப் கோளாறால் வண்டி திடீரென முடங்காதபடி மென்பொருளை மாற்றுமாறு, அந்நாட்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2025 ஆகஸ்டில் தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது.

அதுவரை? கேனை நிழலில் வைங்க, தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்க, டெஃப் ஊற்றத் தனி புனல் வைத்துக்கொள்ளுங்க. வண்டி நிற்கும் வரை காத்திருக்காமல், விளக்கு எரிந்த அன்றே பாருங்க.